கண்ணுக்குத் தெரியாத சக்தியும் கண்முன் நிற்கும் மரமும்

மரம் காய்க்க வேண்டுமானால் நீர் வேண்டும், ஒளி வேண்டும், மண்ணில் சத்து வேண்டும், மலருக்கு மலர் மகரந்தம் சுமக்கத் தேனீ வேண்டும். இவையெல்லாம் இருந்தும் போதாது, இன்னும் ஒன்று வேண்டும் என்று ஒரு கூட்டத்தார் மேலை நாடுகளில் கூறிவருகின்றனர். அது வானெங்கும் நிறைந்திருக்குமாம். ஆயினும் கண்ணுக்குத் தெரியாதாம். உயிருக்கெல்லாம் உயிராக இருக்குமாம். ஆயினும் எந்தக் கருவியிலும் அகப்படாதாம். இந்த இலக்கணத்தைக் கேட்டதும் தோழர்கள் முறுவலிப்பர். எங்கேயோ கேட்ட இலக்கணம் அன்றோ இது! ஆனால் இம்முறை அதற்கு இட்ட பெயர் தெய்வம் அன்று, ஆர்கோன். அதை ஈர்த்துத் தரும் பொருளின் பெயர் ஆர்கோனைட்.

ஆர்கோனைட் என்பது யாது? ரெசின் எனும் செயற்கைப் பிசினை எடுத்து, அதில் பட்டறையில் உதிரும் உலோகச் சீவல்களைக் கொட்டி, நடுவே ஒரு படிகக் கல்லை வைத்து, பணியாரம் வார்ப்பதுபோல் அச்சில் வார்த்து இறுக விட்டால் கிடைக்கும் கட்டி. அவ்வளவே! அதைச் சிறு பழத்தோட்டங்களின் நான்கு மூலைகளிலும், மரத்தின் வேரடியிலும் புதைக்கின்றனர். புதைத்தபின் பழம் பெருத்தது, பூச்சி குறைந்தது என்கின்றனர். அத்துடன் நில்லாமல், போன பறவைகள் திரும்பின, தவளைகள் மீண்டும் கத்தின, வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாய் வந்தன, மண்புழு மலிந்தது என்று காட்டுயிர்களையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுகின்றனர்.

நகைத்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் நகைப்பு விடை ஆகாது. பகுத்தறிவு என்பது பிறர் நம்புவதை இகழ்வது அன்று; எதையும் உரைகல்லில் உரசிப் பார்ப்பது. ஆகவே நாம் மூன்று வினாக்களை எழுப்புகிறோம். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? இதனை உலகம் எவ்வாறு சோதித்தது? சோதனையின்றி நம்புவதால் நட்டம் யாருக்கு? விடை தேட 240 ஆண்டுகள் பின்னே போக வேண்டும்.

பாரிசுக்கு அருகே ஒரு தோட்டம்

1778ஆம் ஆண்டு வியன்னா நகரிலிருந்து பாரிசு நகருக்கு ஒரு மருத்துவர் வந்து சேர்ந்தார். பெயர் மெஸ்மர். அண்டமெங்கும் ஒரு நுண்ணிய பாய்பொருள் நிறைந்திருக்கிறது, அது உடலில் தடைப்பட்டால் நோய், தடை நீங்கினால் நலம் என்பது அவர் கொள்கை. அதற்கு அவர் வைத்த பெயர் விலங்குக் காந்தம். சீமான்களும் சீமாட்டிகளும் அவர் கூடத்தில் கூடினர். கை பட்டதும் சிலர் அழுதனர், சிலர் சிரித்தனர், சிலர் வலிப்புற்று வீழ்ந்தனர். பாரிசே வியந்தது. மரத்துக்கும் காந்தம் ஏற்றலாம், ஏற்றிய மரத்தைத் தொட்டவனுக்கு அந்தச் சக்தி பாயும் என்றனர் அவர் வழியினர்.

1784இல் மன்னன் பதினாறாம் லூயி ஓர் ஆராய்ச்சிக் குழுவை அமைத்தான். மின்னலின் இயல்பை ஆய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின், நவீன வேதியியலுக்கு அடித்தளமிட்ட லவாய்சியர், வானியல் அறிஞர் பெய்லி ஆகியோர் அக்குழுவில் இருந்தனர். மெஸ்மரின் மாணாக்கர் டெஸ்லான் என்பவர் வித்தையைச் செய்துகாட்ட ஒப்பினார். இடம் எது? பாஸி என்ற ஊரில் பிராங்க்ளின் வாழ்ந்த இல்லத்தின் தோட்டம்!

அங்கே ஓர் ஏப்ரிகாட் மரத்துக்கு டெஸ்லான் காந்தம் ஏற்றினார். ஏறத்தாழ 12 வயதுச் சிறுவன் ஒருவன், காந்தத்தை எளிதில் உணர்வான் என்று டெஸ்லானே தேர்ந்தெடுத்து வந்தவன், கண் கட்டி அழைத்துவரப்பட்டான். நான்கு மரங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தழுவச் செய்தனர். முதல் மரத்தருகே வியர்த்தான், இருமினான், தலை வலிக்கிறது என்றான். இரண்டாம் மரத்தில் மயக்கம் தலைக்கேறியது. மூன்றாம் மரத்தில் அது மிகுந்தது. காந்த மரத்தை நெருங்கிவிட்டேன் என்றான். நான்காம் மரத்தடியில் உடல் விறைக்க, நினைவிழந்து வீழ்ந்தான்!

அந்த நான்கில் ஒன்றுகூடக் காந்தம் ஏற்றிய மரம் அன்று! வீழ்ந்த இடத்திலிருந்து 24 அடி தொலைவில் நின்றது அந்த ஏப்ரிகாட் மரம்.

சிறுவன் நடித்தானா? அப்படிக் கூற வேண்டியதில்லை. அவன் வியர்வை மெய், வலி மெய், மயக்கம் மெய். மெய்யல்லாதது ஒன்றுதான். அவன் எதனால் மயங்கினான் என்று கூறப்பட்டதோ, அந்தக் காரணம்! இந்த நுட்பத்தை வாசகர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், தோட்டத்தில் பறவை வந்தது என்று ஒருவர் கூறும்போது, அவர் பொய்யர் என்று நாம் கூறவில்லை. பறவை வந்திருக்கலாம். வரவழைத்தது எது என்பதே வினா.

டெஸ்லான் என்ன விடை கூறினார் தெரியுமா? தோட்டத்து மரங்கள் எல்லாமே இயற்கையாகக் காந்தம் உடையவைதாம் என்றார். அப்படியானால் காந்தத்தை உணர்வோர் எவரும் எந்தத் தோட்டத்திலும் வீழாமல் நடமாட முடியாதே என்று குழுவினர் திருப்பிக் கேட்டனர். 1784 ஆகஸ்டில் அறிக்கை வெளிவந்தது. காந்தம் இல்லாது கற்பனை மட்டும் இருந்தால் வலிப்பு வருகிறது. கற்பனை இல்லாது காந்தம் மட்டும் இருந்தால் எதுவும் வருவதில்லை. இதுவே அதன் சாரம். எவர் நூலையும் கொளுத்தவில்லை. எவரையும் சிறையில் தள்ளவில்லை. ஒரு கண்கட்டுத் துணியும் நான்கு மரங்களும் போதுமாயிருந்தன!

பெட்டிக்குள் ஒரு பிரபஞ்சம்

அந்தக் கதை முடிந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின் வந்தவர் வில்ஹெல்ம் ரைக். 1897இல் ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசின் கலீசியாப் பகுதியில் பிறந்தார். வியன்னாவில் மருத்துவம் பயின்றார். உளப்பகுப்பாய்வின் தந்தை பிராய்டின் மாணாக்கரானார். அறிவாற்றல் மிக்கவர் என்பதில் ஐயமில்லை. உழைக்கும் மக்களே தம்மை ஒடுக்குகிறவனுக்கு ஏன் கையுயர்த்துகின்றனர் என்ற வினாவை எடுத்துக்கொண்டு, 1933இல் பாசிசத்தின் மக்கள் உளவியலை ஆராய்ந்து நூல் எழுதினார். நாஜிகள் அதனைத் தடை செய்தனர். கம்யூனிஸ்டுக் கட்சி அவரை வெளியேற்றியது. உளப்பகுப்பாய்வுச் சங்கமும் 1934இல் வெளியேற்றியது. நாடு நாடாக அலைந்தார். நார்வேயில் சில ஆண்டுகள் தங்கி, 1939இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

அங்கேதான் ஆர்கோன் உருப்பெற்றது. அண்டமெங்கும் நிறைந்த உயிர்ச் சக்தி ஒன்றைக் கண்டுவிட்டேன் என்றார் ரைக். மரமும் கம்பளியும் போன்ற பொருள்களையும் உலோகத் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி ஒரு பெட்டி செய்தார். அதற்குள் ஒருவர் அமர்ந்தால் சக்தி சேரும் என்றார். மெஸ்மரின் பாய்பொருளுக்குப் புதுச் சட்டை தைத்தாகிவிட்டது!

தம் கண்டுபிடிப்பை அவர் ஒளித்துவைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1941 ஜனவரியில் ஐன்ஸ்டைனையே பிரின்ஸ்டன் நகரில் சந்தித்தார். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பேசினர். பெட்டியின் மேற்புறத்தில் வெப்பம் சுற்றுப்புறத்தைவிடச் சற்றே மிகுந்திருக்கிறது, இதோ சான்று என்றார் ரைக். ஐன்ஸ்டைன் எள்ளி நகையாடினாரா? இல்லை. சிறிய பெட்டி ஒன்றை வாங்கித் தம் வீட்டில் வைத்து அளந்து பார்த்தார். வெப்ப வேறுபாடு இருக்கத்தான் செய்தது! ஆனால் உதவியாளர் ஒருவர், கூரையை ஒட்டிய காற்றும் தரையை ஒட்டிய காற்றும் ஒரே வெப்பத்தில் இருப்பதில்லையே என்று சுட்டிக்காட்டினார். ஐன்ஸ்டைன் அதனையும் சோதித்தார். மேசைக்கு மேலே உள்ள காற்றுக்கும் கீழே உள்ள காற்றுக்கும் வேறுபாடு இருப்பதையும், பெட்டி காட்டிய விந்தைக்கு அதுவே போதிய காரணம் என்பதையும் கண்டார். பிப்ரவரி 7ஆம் நாள், விவகாரம் தீர்ந்தது என்று ரைக்குக்கு மடல் எழுதிவிட்டார்.

ரைக் நீண்ட மறுப்பு மடல் விடுத்தார். அறை வெப்பம் வேறு, ஆர்கோன் வெப்பம் வேறு என்று வாதாடினார். விஞ்ஞானியின் பாதையும் நம்பிக்கையாளனின் பாதையும் பிரியும் முச்சந்தி இதுதான். சான்று சாய்ந்தபோது கொள்கையைத் திருத்துகிறவன் ஒருவன். கொள்கைக்கு ஏற்பச் சான்றைத் திருத்துகிறவன் மற்றொருவன்.

மேகமும் புளூபெர்ரியும்

1942இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ராஞ்சிலி என்ற ஊரருகே ஏரிகளும் காடுகளும் சூழ்ந்த இடத்தில் ரைக் ஒரு பழைய பண்ணையை வாங்கி, அதற்கு ஆர்கோனான் என்று பெயரிட்டார். 1951 ஜனவரியில் ரேடியத்தைத் தம் பெட்டிக்குள் வைத்து ஒரு சோதனை செய்தார். எலிகள் பல மாண்டன, உடனிருந்தோர் நோயுற்றனர். கதிரியக்கப் பொருளோடு விளையாடினால் உயிருக்கு ஊறு நேரும் என்பதை உலகம் அறியும். ஆனால் ரைக் வேறு முடிவுக்கு வந்தார். நல்ல ஆர்கோன் கெட்ட ஆர்கோனாகத் திரிந்துவிட்டது என்றார்! அடுத்த ஆண்டு தம் பண்ணையைச் சுற்றி ஓர் அமைதி கவிந்திருப்பதாக எழுதினார். பறவைகள் பாடவில்லை, தவளைகள் கத்தவில்லை, மரங்கள் வாடி நிற்கின்றன, இவையெல்லாம் கெட்ட ஆர்கோனின் வேலை என்றார். காட்டுயிரை ஆர்கோனுக்குச் சாட்சியாக்கும் வழக்கம் தொடங்கியது இங்கேதான்.

எத்தனை பறவைகள் முன்பு பாடின? எத்தனை இப்போது பாடவில்லை? எந்த மாதம், எந்த மணி, எவ்வளவு நேரம் செவிமடுத்தார்? சில கல் தொலைவில், சோதனை நடவாத மற்றொரு ஏரிக்கரையில் நிலைமை என்ன? இந்தக் கணக்குகள் ஒப்பிட்டுத் தரப்படவில்லை. உள்ளத்தில் இருள் கவிந்தவனுக்கு ஊரே அமைதியாய்த் தோன்றுவது உண்டு. அதனை ஆராய்ச்சி முடிவு என்று கூற முடியுமா?

கெட்ட ஆர்கோனை விரட்ட அவர் ஒரு கருவி செய்தார். உள்ளீடற்ற உலோகக் குழாய்கள் சிலவற்றை வானை நோக்கி நிறுத்தி, அவற்றின் அடியைக் கம்பிகளால் நீரோடு இணைத்தார். மேகத்தைக் கலைக்கலாம், கூட்டலாம், மழையும் பொழிவிக்கலாம் என்றார். 1953 கோடையில் மெய்ன் மாநிலத்தில் வறட்சி. புளூபெர்ரிச் செடிகள் வாடின. அவற்றைப் பயிரிட்டோர் சிலர் ரைக்கை அணுகி, மழை வந்தால் பணம் தருகிறோம் என்றனர். ஜூலை மாதம் கருவி இயக்கப்பட்டது. ஒரு நாளுக்குள் மழையும் பெய்தது! பாங்கர் நகரச் செய்தித்தாள் அதை வெளியிட்டது. பயிரிட்டோர் பணம் கொடுத்தனர்.

ஆர்கோன் அன்பர்கள் இன்றளவும் தூக்கிப் பிடிக்கும் வெற்றி இது. நாமும் மறைக்கவில்லை, மழை பெய்தது உண்மை. ஆனால் மழைக்காரனை எப்போது அழைப்பார்கள்? வறட்சி தொடங்கிய அன்றா? இல்லை, வறட்சி நீண்டு, பொறுமை தீர்ந்த அன்று. நீண்ட வறட்சி என்பது முடிவை நெருங்கும் வறட்சி. ஒருமுறை காசைச் சுண்டினான், தலை விழுந்தது. ஆகவே தலை விழவைக்கும் மந்திரம் தெரிந்தவன் என்று பட்டம் கட்டலாமா? இயக்கிய நாள் எத்தனை, இயக்காத நாள் எத்தனை, ஒவ்வொன்றிலும் மழை பெய்த நாள் எத்தனை என்ற நான்கு எண்களும் இல்லாமல் அந்த ஒற்றை மழை எதையும் மெய்ப்பிக்காது.

அறிவுக்குப் பதில் நெருப்பு

இனி நாம் கூறப்போவது ஆர்கோனை எதிர்ப்போருக்கு இனிக்காது. ஆயினும் கூறியாக வேண்டும்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ரைக்கின் பெட்டியை ஆராய்ந்தது; நோய் தீர்க்கும் என்று கூறி விற்பது மோசடி என வழக்குத் தொடுத்தது. விஞ்ஞான உண்மையை நீதிமன்றம் தீர்மானிக்க இயலாது என்று கூறி ரைக் மன்றத்துக்கு வர மறுத்தார். 1954 மார்ச்சில் தடையாணை பிறந்தது. பெட்டிகளை ஒழிக்க வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. அவருடைய வெளியீடுகள் மீதும் கை வைத்தது. பாசிசத்தை ஆராய்ந்த நூலும் அந்தப் பட்டியலில் இருந்தது! ஆணையை மீறியதாக 1956 மே மாதம் ரைக்குக்கு இரண்டு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஜூன் மாதம் ஆர்கோனானில் பெட்டிகள் கோடரியால் பிளக்கப்பட்டன. ஆகஸ்டு 23ஆம் நாள் நியூயார்க் நகரில் பல டன் நூல்களும் இதழ்களும் குப்பை எரிக்கும் உலையில் இடப்பட்டன. 1957 நவம்பர் 3ஆம் நாள், லூயிஸ்பர்க் சிறையில் ரைக் மாண்டார். வயது 60.

போலி மருந்தைத் தடுப்பது அரசின் கடமை. நோயாளியின் உயிரோடு விளையாட எவருக்கும் உரிமை இல்லை. ஆகவே பெட்டி விற்பனையைத் தடுத்ததை நாம் குறை கூறவில்லை. ஆனால் நூலை எரித்தது? நாஜிகள் தடை செய்த ஒருவரின் எழுத்தை, நாஜிகளை வென்ற நாடே உலையில் போட்டதே! 1784இல் ஒரு மன்னன் செய்யாத கொடுமையை, 1956இல் ஒரு குடியரசு செய்தது. மறுப்பு எழுதப்பட்ட நூல் மாளும். எரிக்கப்பட்ட நூல் மாளாது. மெஸ்மரின் காந்தம் அறிவுலகில் தலைதூக்காமற் போனதற்கு அந்த அறிக்கை காரணம். ஆர்கோன் மறுபடி தலைதூக்கியதற்கு அந்த உலையும் ஒரு காரணம். உண்மை இல்லையேல் ஏன் எரித்தார்கள் என்று கேட்க, நம்புவோருக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. சாம்பலைத் திருநீறாக்கிக்கொண்டார்கள்!

பிசினில் பிறந்த புதுத் தாயத்து

ரைக் ஆர்கோனைட்டைச் செய்யவில்லை. அந்தச் சொல்லையும் அறியார். அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பின், 1990களில், ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கார்ல் ஹான்ஸ் வெல்ஸ் என்பவர் ரெசினையும் உலோகச் சீவலையும் கலந்து, அந்தக் கலவைக்கு ஆர்கோனைட் என்று பெயர் சூட்டினார். 2000ஆம் ஆண்டை ஒட்டி வேறு சிலர் அதில் படிகக் கல்லையும் சேர்த்தனர். ரைக்கின் அடுக்கடுக்கான பெட்டி, கலந்து வார்த்த கட்டியாயிற்று. மேகக் குழாயும் வாளி நிறைய ஆர்கோனைட்டில் நட்ட செப்புக் குழாயாக மறுபிறவி எடுத்தது.

படிகக் கல்லுக்கு அவர்கள் கூறும் காரணம் விஞ்ஞானச் சாயல் கொண்டது. ரெசின் இறுகும்போது சுருங்கி, கல்லை அழுத்துகிறது. அழுத்தினால் படிகத்தில் மின்சாரம் பிறக்கும் என்கின்றனர். குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்பது முழு உண்மை. ஜாக் கியூரி, பியேர் கியூரி என்ற உடன்பிறந்தார் 1880இல் கண்டறிந்தது அது. ஆனால் அழுத்தம் மாறும்போதுதான் மின்னோட்டம் எழும். ஒருமுறை இறுகி, அசையாமல் மண்ணுக்குள் கிடக்கும் கல் ஓயாமல் ஆற்றல் தருவதில்லை. தலைமேல் சுமையை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பவன் வண்டி இழுத்ததாகக் கணக்கெழுதலாமா?

தீங்கில்லாத நம்பிக்கைதானே, விட்டுவிடலாமே என்பர் சிலர். தீங்கு இல்லை என்று யார் கூறியது? பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது ஸ்டைரீன் என்ற ஆவி எழும். அது கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும். இறுகியபின் அந்தக் கட்டி எளிதில் மக்காது. உயிரைக் காக்கிறோம் என்ற பெயரால் வயலிலும் ஏரியிலும் மக்காத கட்டிகளைப் போட்டு நிரப்புவது எந்த வகைத் தொண்டு?

கூண்டில் ஏறிய காட்டுயிர்

புதைத்த பின் பறவை வந்தது, பழம் பெருத்தது என்கிறார்களே, அதற்கு விடை என்ன? விடை மரத்திலேயே இருக்கிறது. ஆப்பிள் முதலிய பழமரங்கள் பல, ஓராண்டு மிகுதியாகக் காய்த்தால் மறு ஆண்டு குறைவாகக் காய்க்கும் இயல்புடையவை. காய்க்குள் வளரும் விதைகள் சுரக்கும் ஜிப்பரெலின் என்ற பொருள், அடுத்த ஆண்டுக்கான பூ மொட்டு உருவாவதைத் தடுக்கிறது. ஆகவே காய்ப்புக் குறைந்த ஆண்டை அடுத்து, எதையும் புதைக்காமலே காய்ப்பு மிகும். மனிதன் மருந்தைத் தேடுவது எந்த ஆண்டு? காய்ப்புக் குறைந்த ஆண்டுதானே! இயற்கை செய்ததற்குப் பிசின் கட்டி பெயர் வாங்கிக்கொள்கிறது.

பறவையின் கதையும் அதுவே. கட்டியைப் புதைத்தவர் அன்று முதல் தோட்டத்தை உற்று நோக்கத் தொடங்குகிறார். முன்பு கண்ணிருந்தும் காணாத குருவியை இப்போது காண்கிறார். குருவி புதிதன்று, பார்வைதான் புதிது. பலர் அதே சமயம் பூச்சிமருந்தையும் நிறுத்துகின்றனர். புல்லையும் வளர விடுகின்றனர். தவளையும் தேனீயும் திரும்பினால் நஞ்சு நின்றதற்கு நன்றி கூறாமல், புதைத்த கட்டிக்கா நன்றி கூறுவது?

உண்மையான நோக்கு எப்படி இருக்கும் என்பதற்கு டார்வினைப் பாருங்கள். மண்புழு நிலத்தை எவ்வளவு புரட்டுகிறது என்று அறிய, தம் ஊரருகே ஒரு வயலில் 1842 டிசம்பரில் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பச் செய்தார். 29 ஆண்டுகள் காத்திருந்தார்! 1871இல் குழி வெட்டிப் பார்த்தார். கற்கள் 7 அங்குல ஆழத்தில் வரிசையாகக் கிடந்தன. மண்புழுவுக்குச் செவி உண்டா என்று அறிய, வீட்டார் குழலும் பியானோவும் வாசித்தனர். புழு அசையவில்லை. புழு இருந்த தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து வாசித்தபோது வளைக்குள் ஒடுங்கியது. புழு ஒலியைக் கேட்பதில்லை, அதிர்வை உணர்கிறது என்று கண்டார். ஒரு காரணத்தை நீக்கி, மற்றொன்றை வைத்து, மாற்றிப் பார்த்தல்! 1881இல் வெளிவந்த அவர் நூல் இதைக் கூறுகிறது. மந்திரம் ஏதும் இல்லை, பொறுமை இருந்தது.

அமெரிக்காவில் 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் 27 பேர் 25 இடங்களில் பறவைகளைச் சுடாமல் எண்ணினர். ஆண்டுதோறும் தொடர்ந்த அந்தக் கணக்கில், கண்ட பறவைகளை மட்டுமன்றி, எத்தனை மணி நேரம் தேடினர் என்பதையும் எழுதி வந்தனர். ஏன்? இரண்டு மணி தேடியவன் ஒரு மணி தேடியவனைவிடக் கூடுதலாகக் காண்பான் அல்லவா? இந்தச் சிறு நேர்மைதான் பறவைக் கணக்கை விஞ்ஞானமாக்குகிறது.

காட்டுயிரின் சாட்சியம் சிறியதன்று. அது ஓர் உலகையே திருத்தியிருக்கிறது. 1954இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களின் நோயைத் தடுக்க டி.டி.டி. தெளித்தனர். பின்வந்த வசந்தங்களில் ராபின் பறவைகள் துடித்து வீழ்ந்தன. இலையில் நஞ்சு, இலையைத் தின்ற மண்புழுவில் நஞ்சு, புழுவைத் தின்ற பறவையில் நஞ்சு என்ற சங்கிலியை ஆய்வாளர்கள் கண்ணி கண்ணியாகக் காட்டினர். ராச்செல் கார்சன் 1962இல் அதனைத் தம் நூலில் உலகுக்கு உரைத்தார். அதே போல், நெதர்லாந்தில் ஆப்பிள் தோட்டங்களில் பட்டாணிக் குருவிகளுக்குக் கூட்டுப் பெட்டி வைத்து ஆராய்ந்தனர். குருவி குஞ்சு பொரித்து வளர்த்த பகுதியில் புழு அரித்த பழம் குறைந்தது; மரம் ஒன்றுக்கு 4.7 கிலோவாக இருந்த விளைவு 7.8 கிலோவாக இருந்தது. 2002இல் வெளிவந்த ஆய்வு இது. மரப் பலகையில் செய்த ஒரு பெட்டி! அதில் ஆர்கோன் இல்லை. பசித்த குஞ்சுகள் இருந்தன. அவற்றுக்கு இரை தேடிய தாய் தந்தைப் பறவைகள் இருந்தன.

எட்டு வாளிகள் போதும்

ஆர்கோனைட்டைச் சோதிக்க முடியுமா? முடியும். பெரும் பொருட்செலவும் வேண்டியதில்லை. 1919இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் என்ற அறிஞர் வழி காட்டியிருக்கிறார். பாலை முதலில் ஊற்றினரா, தேநீரை முதலில் ஊற்றினரா என்பதைச் சுவைத்தே கூறுவேன் என்றார் ஒரு பெண்மணி. 8 கோப்பை, பாதிக்குப் பாதி கலந்து, வரிசை மாற்றி வைத்துக் கேட்டால், குருட்டடியாக எல்லாவற்றையும் சரியாகக் கூற 70இல் ஒரு வாய்ப்புத்தான் என்று 1935இல் தம் நூலில் விளக்கினார்.

தோட்டத்துக்கும் அதுவே பொருந்தும். ஒரே அளவான எட்டுப் பாத்திகள். எட்டு மூடிய வாளிகள். நான்கில் ஆர்கோனைட், நான்கில் அதே எடைக்கு மணல். எந்த வாளி எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி வேறொருவர் முடிவு செய்து, எழுதி, உறையில் இட்டு ஒட்டிவிட வேண்டும். தோட்டக்காரர் ஓராண்டு முழுதும் ஒவ்வொரு பாத்தியிலும் ஒரே நேர அளவு நின்று பறவையை எண்ணட்டும், பழத்தை நிறுக்கட்டும். இறுதியில் ஆர்கோனைட் பாத்திகள் எவையென நான்கைச் சுட்டட்டும். பிறகு உறையைப் பிரிப்போம்! நான்கும் சரியென்றால் உலகம் வியப்போடு அடுத்த சோதனைக்கு ஆயத்தமாகும். இல்லையேல் வாளியைக் கழுவி நீர் ஊற்றப் பயன்படுத்தலாம்.

அதன் சக்தி கல் கணக்கில் பரவும், மணல் வாளிக்கும் போய்ச்சேரும் என்று மறுப்பர். டெஸ்லானின் குரல் கேட்கிறதா? எல்லா மரமும் காந்த மரமே! சரி, அதற்கும் வழி உண்டு. பாத்தியை மாற்றாமல் மாதத்தை மாற்றுவோம். காசு சுண்டி, தலை விழுந்த மாதம் கட்டியை வைப்போம். பூ விழுந்த மாதம் வெகு தொலைவுக்கு அகற்றுவோம். எண்ணுகிறவருக்கு எது எந்த மாதம் என்று தெரியக் கூடாது. எடுத்த பின்னும் அதன் சக்தி மண்ணில் தங்கிவிடும் என்று இதற்கும் ஒரு தடை கூறினால், வைத்தாலும் ஒன்று, வைக்காவிட்டாலும் ஒன்று என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகும். இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேறுபாடு காட்டாத ஒன்றுக்கு உலகம் வேறொரு பெயர் வைத்திருக்கிறது: இல்லாதது.

நட்டம் யாருக்கு என்று முதலில் கேட்டோம். விற்கிறவருக்கு அன்று, வாங்கும் சிறு தோட்டக்காரருக்கு. அவர் கையில் இருப்பது சிறு நிலம், சிறு பணம், ஆண்டுக்கு ஒரே பருவம். மொட்டுகளைப் பார்த்துக் காய்ப்பை அளவிட்டு, பூ நெருங்கிய கிளையில் காயைக் குறைத்து, தேனீக்கு இடம் விட்டு, குருவிக்குப் பெட்டி வைக்க வேண்டிய நேரத்தைப் பிசின் உறிஞ்சிக்கொள்கிறது. உண்மைக் காரணம் அறியப்படாமலே போகிறது. அடுத்த ஆண்டு மரம் வாடினால், கட்டி போதவில்லை, இன்னும் பத்து வாங்கு என்பார்களே தவிர, வேரைத் தோண்டிப் பார் என்று கூறமாட்டார்கள்.

ஆகவே தோழர்களே, இரண்டு தோட்டங்களையும் ஓர் உலையையும் நினைவில் வையுங்கள். பாஸியின் தோட்டத்தில் ஒரு கண்கட்டு மாயையைக் கலைத்தது. ஆர்கோனானில் கணக்கற்ற நம்பிக்கை ஓர் அறிஞனை விழுங்கியது. நியூயார்க்கின் உலை இரண்டில் எதையும் செய்யாமல் காகிதத்தை மட்டும் எரித்தது. நம்புகிறவனை நாம் எரிக்க வேண்டாம், ஏசவும் வேண்டாம். அவனை அழைத்து, எட்டு வாளிகளைக் கொடுப்போம். எண்ணக் கற்றுக்கொடுப்போம். பறவையை எண்ணத் தெரிந்தவனை ஏமாற்றுவது எளிதன்று.